அழுத்தம் சதுரங்கப் பலகையாக வருகிறதா? நிலைப்படுத்திய ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

தண்ணீர், எண்ணெய், மெதுவாக ஓடும் காற்று போன்ற அமுக்க முடியாத பாய்மங்களுக்கு ஃபைனைட் எலிமென்ட் (இடத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் முறை) கோட் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே முக்கோண மெஷ், அதாவது வலை, இரண்டுக்கும் ஒரே நேரியல் ஃபங்ஷன். நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டை அப்படியே வீக் ஃபார்மில், அதாவது டெஸ்ட் ஃபங்ஷன் என்ற எடையால் பெருக்கித் தொகையிட்ட வடிவில் எழுதி, அதைத் தீர்க்கும் சால்வரிடம் கொடுத்துவிடுவார்கள். விடையும் வரும். வேகப் படம் பார்க்க நன்றாகவே இருக்கும். அழுத்தப் படத்தைத் திறந்தால் பக்கத்துப் பக்கத்து நோடுகளில், அதாவது முக்கோண மூலைகளில், பிளஸ் மைனஸ், பிளஸ் மைனஸ் என்று சதுரங்கப் பலகை. சரி என்று ரெனால்ட்ஸ் எண்ணை (பாகுநிலையோடு ஒப்பிட்டால் ஓட்டம் எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) கொஞ்சம் ஏற்றிப் பார்த்தால் அதுவரை ஒழுங்காக இருந்த வேகமும் அலையடிக்க ஆரம்பித்துவிடும்.

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலாவது, அழுத்தமும் வேகமும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருவது. இரண்டாவது, மெஷ்ஷின் அளவுக்கு ஓட்டம் மிக வேகமாக இருப்பதால் வருவது. இரண்டும் சேர்ந்து வந்தால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் தனியே கிளப்பி, தனியே அடக்கி, கடைசியில் சேர்ப்போம். இந்த அடக்கும் வேலைக்குத்தான் நிலைப்படுத்தல் என்று பெயர். நேராக முழு சமன்பாட்டுக்குப் போக வேண்டும் என்று கை துறுதுறுக்கும், போகாதீர்கள்.

கருவி

வீக் ஃபார்மை நீங்களே எழுதக்கூடிய ஒன்று வேண்டும். ஃப்ரீஃபெம், ஃபீனிக்ஸ், சைகிட்-ஃபெம் எல்லாமே இலவசம், எது கைக்கு வருகிறதோ அது. பைத்தான் தெரியுமென்றால் கடைசி இரண்டில் ஒன்று. ஓப்பன்ஃபோம் நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்தப் பாடத்துக்கு உதவாது. அது ஃபைனைட் வால்யூம் வகை, அழுத்த அலைவை அடக்கும் வேலையை 1983-இல் ரீயும் சௌவும் சொன்ன வழியையொட்டி உள்ளேயே முடித்துவிடுகிறது. கோளாறைக் கண்ணால் பார்க்காமல் அதன் தீர்வு மனசில் நிற்காது.

முதல் படி: ஸ்டோக்ஸ் மட்டும்

ஓட்டம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும் உறுப்பை, அதாவது அட்வெக்‌ஷனைத் தூக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பது ஸ்டோக்ஸ்: பாகுநிலை, அழுத்தம், வெளி விசை, அப்புறம் டைவர்ஜென்ஸ் பூஜ்யம், அதாவது எந்த இடத்திலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம் என்ற நிபந்தனை. ஒரு அலகுப் பெட்டி எடுத்து மேல் மூடிக்கு வேகம் 1, மற்ற மூன்று சுவருக்கும் 0 கொடுங்கள். எல்லாப் பக்கமும் வேகம் கொடுத்தாயிற்று என்பதால் அழுத்தம் ஒரு மாறிலி அளவுக்கு எப்படி வேண்டுமானாலும் நகரலாம். ஒரு நோடில் அதை 0 என்று பூட்டிவிடுங்கள். இதை மறந்துவிட்டு, வரும் பிழையை நிலைப்படுத்தலின் தலையில் கட்டுகிறவர்கள் நிறைய.

இப்போது பெரிய மெஷ்ஷை விட்டுவிட்டு 4×4 மெஷ்ஷில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 25 நோடு, ஆகவே அழுத்தத்துக்கு 25 மதிப்புகள். சுவரில் வேகம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டதால் உள்ளே இருக்கும் 9 நோடில்தான் வேகம் தெரியாதது, இரண்டு திசைக்கும் சேர்த்து 18. டைவர்ஜென்ஸ் மேட்ரிக்ஸ் 25 வரிசை, 18 நெடுவரிசை. 25-இல் 18 போனால் 7. அதாவது குறைந்தது 7 அழுத்த வடிவங்கள் எந்த வேக நோடையும் தொடவே தொடாது. அவற்றில் ஒன்று மேலே சொன்ன மாறிலி, அது நியாயமானது. மற்றவை எல்லாம் போலி. அவற்றை எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் சமன்பாட்டுக்குத் தெரியாது, அதனால் சால்வர் தன் இஷ்டத்துக்கு அங்கே குப்பையைக் கொட்டும். மேட்ரிக்ஸ் சிங்குலர் (ஒரே விடை என்று ஒன்று இல்லை) என்று அது கத்தினால் உங்கள் நல்ல நேரம், கத்தாமல் கோடி கோடியாக அழுத்தம் கொடுத்தால்தான் கஷ்டம். மெஷ்ஷைப் பெரிதாக்கினால் இந்த எண்ணிக்கைப் பற்றாக்குறை மறையும், கோளாறு மறையாது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் எப்படிப்பட்ட ஃபங்ஷன் ஜோடி சரிப்படும் என்பதற்கான நிபந்தனையில் லேடிஷென்ஸ்கயா, பாபுஷ்கா, பிரெஸ்ஸி மூவரின் பெயரும் இருக்கிறது. பிரெஸ்ஸியின் கட்டுரை 1974. இரண்டும் நேரியலாக இருக்கும் ஜோடி அந்த நிபந்தனையில் தேறாது.

தேறும் ஜோடி வேண்டுமென்றால் டெய்லர்-ஹுட் இருக்கிறது: வேகத்துக்கு இருபடி, அழுத்தத்துக்கு நேரியல். உங்கள் வேலை இரு பரிமாணம், சிறிய மெஷ், குறைந்த வேகம் என்றால் அதையே எடுத்துக்கொண்டு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை. மற்றவர்கள் தொடர்ந்து வாருங்கள்.

அழுத்தத்தை அடக்குவது

தொடர்ச்சிச் சமன்பாட்டில், அதாவது டைவர்ஜென்ஸ் பூஜ்யம் என்ற அந்த நிபந்தனையில், அழுத்தமே கிடையாது. மேட்ரிக்ஸில் அந்த இடத்தில் ஒரு பெரிய பூஜ்யக் கட்டம் உட்கார்ந்திருப்பது அதனால்தான். அதை நிரப்ப வேண்டும், ஆனால் கண்டதையும் போட்டு நிரப்பினால் சமன்பாடே மாறிவிடும். 1986-இல் ஹியூஸ், ஃபிராங்கா, பலெஸ்ட்ரா காட்டிய வழி: உந்தச் சமன்பாட்டின் (விசைகளைச் சமன்செய்யும் மற்றச் சமன்பாடு) எச்சத்தை, அதாவது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்தால் கிடைப்பதை, அழுத்த டெஸ்ட் ஃபங்ஷனின் சாய்வோடு பெருக்கி, டௌ என்ற எண்ணால் அளந்து, ஒவ்வொரு எலிமென்ட்டிலும் தொகையிட்டுத் தொடர்ச்சிச் சமன்பாட்டில் சேர்ப்பது. உண்மையான விடைக்கு எச்சம் பூஜ்யம், ஆகவே சேர்த்த உறுப்பும் பூஜ்யம். போலி அழுத்தத்துக்கு அது பூஜ்யம் ஆகாது, அதனால் அடி வாங்கும். நிலைப்படுத்தல் என்றால் ஏதோ செயற்கைப் பசை போட்டு ஒட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எச்சத்தை வைத்துச் செய்யும்போது அப்படி இல்லை.

ஸ்டோக்ஸுக்கு டௌ = ஆல்ஃபா × மெஷ் அளவின் வர்க்கம் ÷ பாகுநிலை. இங்கே பாகுநிலை அடர்த்தியால் வகுத்தது, அழுத்தமும் அப்படியே. ஆல்ஃபாவை 1/12-இல் தொடங்கலாம். நேரியல் ஃபங்ஷனுக்கு எலிமென்ட்டுக்குள் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம், அதனால் எச்சத்தில் அழுத்தச் சாய்வும் வெளி விசையும் மட்டுமே மிஞ்சும். கோடில் ஒரே ஒரு வரி கூடும்.

அந்த ஒரு வரியில் இரண்டு இடத்தில் சறுக்கலாம். ஒன்று குறி. தொடர்ச்சிச் சமன்பாட்டை பிளஸ் டைவர்ஜென்ஸ் என்று எழுதியிருந்தால் இந்த உறுப்பும் பிளஸ், மேட்ரிக்ஸ் சமச்சீராக வரட்டும் என்று மைனஸ் போட்டு எழுதியிருந்தால் இதுவும் மைனஸ். இரண்டாவது, வெளி விசையை எச்சத்தில் சேர்க்க மறப்பது. மூடியை ஓட்டிப் பார்க்கும் சோதனையில் வெளி விசையே இல்லை, அதனால் மறந்தது தெரியவே தெரியாது. புவியீர்ப்பு உள்ள கணக்கு வரும் அன்றைக்குத்தான் வெடிக்கும்.

இதைப் பிடிக்க எனக்குப் பிடித்த சோதனை, தேங்கிய தண்ணீர். மூடியையும் நிறுத்திவிடுங்கள், எல்லாச் சுவருக்கும் வேகம் 0. கீழ்நோக்கி அளவு 1 உள்ள விசை கொடுங்கள். விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தண்ணீர் அசையாது, அழுத்தம் மேலிருந்து கீழே நேர்கோட்டில் கூடும். நேரியல் ஃபங்ஷனால் அந்த அழுத்தத்தைத் துல்லியமாகவே காட்ட முடியும். ஆகவே உங்கள் கோடில் வேகம் 10-இன் மைனஸ் 14, 15 என்ற அளவில், கணினியின் வட்டமாக்கல் பிழைக்குள் வர வேண்டும். விசையை எச்சத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால் மூடிக்குக் கீழும் தரைக்கு மேலும் தண்ணீர் தானாக ஊர்வதைப் பார்ப்பீர்கள். ஐந்து நிமிட வேலை, செய்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

ஆல்ஃபாவை வேண்டுமென்றே 0.001, 1, 10 என்று மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். குறைந்தால் சதுரங்கப் பலகை எட்டிப் பார்க்கும். மிகையானால் அழுத்தப் படம் வழவழவென்று அழகாகிவிடும், ஆனால் சுவரோரத்தில் அழுத்தச் சாய்வு செயற்கையாகப் பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்படும், கூடவே டைவர்ஜென்ஸும் பூஜ்யத்திலிருந்து விலகும். பெட்டியின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போட்டு அதைக் கடக்கும் மொத்தப் பாய்ச்சலைத் தொகையிடுங்கள். மூடிய பெட்டி, பூஜ்யம் வர வேண்டும். எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு தண்ணீரைத் தொலைக்கிறீர்கள்.

இரண்டாம் படி: அட்வெக்‌ஷன் மட்டும், அதுவும் ஒரே கோட்டில்

அழுத்தத்தை ஓரமாக வையுங்கள். 0-விலிருந்து 1 வரை ஒரு கோடு. ஓட்டம் இடமிருந்து வலமாக வேகம் 1, பரவல் கெழு 0.01, இடது முனையில் மதிப்பு (தண்ணீரில் கலந்த சாயத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) 0, வலது முனையில் 1. உண்மையான விடை கிட்டத்தட்ட முழுத் தூரமும் 0-வாகவே வந்து கடைசியில் சட்டென்று 1-க்கு ஏறும், 0.9-இல் அது வெறும் 0.000045.

கோட்டை 10 துண்டாக்குங்கள். மெஷ் பெக்லே எண் என்பது வேகம் × துண்டின் நீளம் ÷ (2 × பரவல்), இங்கே 0.1 ÷ 0.02 = 5. நிலைப்படுத்தல் எதுவும் சேர்க்காத சாதாரண காலெர்கின் முறையில் அடுத்தடுத்த நோடுகளுக்கு இடையிலான ஏற்றங்களின் விகிதம் (1 + பெக்லே) ÷ (1 − பெக்லே), அதாவது 6 ÷ −4 = −1.5. மைனஸ் வந்ததுமே கதை முடிந்தது, ஒவ்வொரு துண்டிலும் குறி மாறும். கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்: 0.7-இல் −0.32, 0.8-இல் 0.43, 0.9-இல் −0.70. எதிர்மறையாகவே ஆக முடியாத இடத்தில் −0.70! பெக்லே 1-க்குக் கீழே வரும்வரை துண்டுகளைச் சிறிதாக்கினால் இது தானாகப் போய்விடும், அது எப்போதும் கட்டுப்படியாகாது என்பதுதான் பிரச்சினை.

வாய்க்காலில் மேல்மடையில் கலந்த சாயம்தான் கீழ்மடைக்கு வரும், கீழ்மடையில் கலந்தது மேலே ஏறாது. காலெர்கின் இரண்டு பக்கத்தையும் சமமாகப் பார்ப்பதால்தான் குழம்புகிறது. பழைய தீர்வு, மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பது, முழு அப்விண்ட். இந்த மெஷ்ஷில் அது பரவலை 0.01-இலிருந்து 0.06 ஆக்கிவிடுகிறது. விகிதம் 11, 0.9-இல் விடை 0.09. அலை போயிற்று, ஆனால் கூரான ஏற்றம் மழுங்கிவிட்டது. புரூக்ஸும் ஹியூஸும் 1982-இல் முழு வடிவில் கொடுத்த எஸ்யூபிஜி முறை இங்கே மறுபடி எச்சத்தையே பிடிக்கிறது: டெஸ்ட் ஃபங்ஷனோடு, ஓட்டத் திசையில் அதன் சாய்வை டௌவால் பெருக்கிக் கூட்டி, அதை முழு எச்சத்தோடும் பெருக்குவது. இந்தக் கணக்குக்குச் சரியான டௌ 0.04. கூடும் பரவல் 0.04, மொத்தம் 0.05, 0.9-இல் விடை உண்மை மதிப்போடு அப்படியே பொருந்தும். 0.01 பரவல் வித்தியாசத்தில் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள். டௌவைக் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரு பரிமாணத்துக்குப் போனால் இன்னொரு லாபம் தெரியும். எஸ்யூபிஜி ஓட்டத்தின் திசையில் மட்டுமே பரவலைக் கூட்டும், குறுக்கே கூட்டாது. எல்லாத் திசையிலும் செயற்கைப் பாகுநிலை போடுகிறவர்களின் படத்தில் மெல்லிய அடுக்குகள் எல்லாம் ஊதிப் பெருத்திருக்கும். அதே சமயம், மிகக் கூரான அடுக்கை ஒட்டி எஸ்யூபிஜியிலும் சின்ன மீறல் மிஞ்சும். அது கோடில் பிழை இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூன்றாம் படி: இரண்டையும் சேர்ப்பது

இப்போது முழு நேவியர்-ஸ்டோக்ஸ். எச்சம் ஒன்றுதான்: காலத்தோடு மாறும் உறுப்பு, அட்வெக்‌ஷன், அழுத்தச் சாய்வு, பாகுநிலை, விசை எல்லாம் அடங்கியது. அதையே வேகச் சமன்பாட்டில் எஸ்யூபிஜி எடையோடும் தொடர்ச்சிச் சமன்பாட்டில் அழுத்தச் சாய்வு எடையோடும் சேர்க்கிறீர்கள். பிந்தையதை பிஎஸ்பிஜி என்பார்கள், டெஸ்டுயாரின் கட்டுரைகளில் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். டௌவுக்குப் பலரும் வைக்கும் வடிவம் இது. மூன்று எண்கள் எடுங்கள்: 2 ÷ காலப்படி, 2 × வேகம் ÷ மெஷ் அளவு, 4 × பாகுநிலை ÷ மெஷ் அளவின் வர்க்கம். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதால் வகுத்தால் டௌ. காலத்தோடு மாறாத ஓட்டம் என்றால் முதல் எண் வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காலப்படியை மிகச் சிறிதாக எடுத்தால் மற்ற இரண்டும் அமுங்கிப்போய் டௌ காலப்படியில் பாதியாகச் சுருங்கும். அப்போது அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்த உறுப்பும் காணாமல் போய், அடக்கிவிட்டதாக நினைத்த சதுரங்கப் பலகை திரும்பி வரும். துல்லியம் கூடட்டும் என்று காலப்படியைக் குறைக்கக் குறைக்க அழுத்தம் கெட்டுப்போகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அழுத்தத்துக்கான டௌவில் மட்டும் காலப்படி உறுப்பை விட்டுவிடுவது ஒரு வழி.

மெஷ் அளவு என்று எதை எடுப்பது? எல்லா முக்கோணமும் ஒரே மாதிரி இருந்தால் பரப்பின் இரு மடங்குக்கு வர்க்கமூலம் போதும். சுவரோரம் நீள நீளமாக நசுங்கிய எலிமென்ட் இருந்தால் ஓட்டத் திசையில் அளந்த நீளம் வேண்டும், இல்லாவிட்டால் டௌ பல மடங்கு பிசகும். இருபடி ஃபங்ஷனுக்கு மாறினால் எச்சத்தில் இரண்டாம் வகைக்கெழுவையும் எழுத வேண்டும், அங்கே அது பூஜ்யம் இல்லை.

சமன்பாடு நேரியல் அல்ல என்பதால் சுற்றிச் சுற்றித்தான் தீர்க்க வேண்டும். முதல் ஊகத்துக்கு ஸ்டோக்ஸ் விடை. பிறகு சில சுற்று பிகார்டு, அதாவது இழுத்துச் செல்லும் வேகத்தை முந்தைய சுற்றிலிருந்து எடுப்பது. டௌவையும் முந்தைய சுற்றின் வேகத்தை வைத்தே கணக்கிடுங்கள். விடை கிட்டே வந்ததும் நியூட்டனுக்கு மாறலாம். ரெனால்ட்ஸ் எண்ணை 100, 400, 1000 என்று ஏணிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றின் விடையையும் அடுத்ததன் தொடக்கமாகக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் 1000-க்குப் போய், குவியவில்லையே என்று டௌவைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

நான்காம் படி: சரிபார்ப்பு

படம் அழகாக இருப்பதற்கும் விடை சரியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை, நிலைப்படுத்திய முறைகளில் இன்னும் சம்பந்தமில்லை. மூடி ஓட்டும் பெட்டிக்கு கியா, கியா, ஷின் மூவரும் 1982-இல் வெளியிட்ட அட்டவணைதான் இன்றைக்கும் முதல் உரைகல். நடுச் செங்குத்துக் கோட்டில் கிடைவேகத்தைப் பாருங்கள். ரெனால்ட்ஸ் 100-இல் மிகக் குறைந்த மதிப்பு −0.2109, உயரம் 0.4531-இல். 1000-இல் −0.3829, உயரம் 0.1719-இல். அவர்கள் இதற்கு எடுத்தது 129×129 மெஷ். நீங்கள் 32, 64, 128 என்று ஓட்டி, இந்த எண்ணை நோக்கி நகர்கிறீர்களா என்று பாருங்கள். 32-இல் ரெனால்ட்ஸ் 1000 ஓட்டும்போது மெஷ் பெக்லே எண் மூடியருகே 15-ஐத் தாண்டும். குவியும், படமும் வழவழப்பாக இருக்கும், ஆனால் அந்தக் குழி ஆழம் குறைந்தே தெரியும். ஒரே மெஷ்ஷில் ஓட்டிவிட்டுப் படம் போட்டு அறிக்கை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அழுத்தத்தின் உச்ச மதிப்பை மட்டும் ஒப்பிடாதீர்கள். மேல் மூலைகளில் மூடியின் 1-உம் சுவரின் 0-வும் மோதுவதால் அங்கே அழுத்தம் கோட்பாட்டிலேயே முடிவிலி, மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஏறிக்கொண்டேதான் போகும்.

அடுத்து, துல்லியமான விடை தெரிந்த கணக்கு ஒன்று. கோவாஷ்னாய் 1948-இல் கொடுத்த ஓட்டம் வசதியானது, ரெனால்ட்ஸ் 40-க்குப் பலரும் ஓட்டுவார்கள். மெஷ் அளவைப் பாதியாக்கினால் வேகப் பிழை நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும், அழுத்தப் பிழை குறைந்தது பாதியாக. ஆனால் அதிலும் வெளி விசை கிடையாது என்பதால், தேங்கிய தண்ணீர் சோதனையை இது ஈடுகட்டாது.

உருளையும் அதற்கு அப்பாலும்

கடைசித் தேர்வு, வாய்க்காலுக்குள் உருளை. ஷேஃபர், டூரெக் 1996-இல் வரையறுத்தது: நீளம் 2.2, உயரம் 0.41, விட்டம் 0.1 உள்ள உருளையின் மையம் (0.2, 0.2), பாகுநிலை 0.001. உருளை சரியாக நடுவில் இல்லை, 0.005 கீழே இருக்கிறது, வேண்டுமென்றே வைத்தது. அதனால்தான் தூக்கு விசை பூஜ்யமாகாமல் ஒரு சின்ன எண்ணாக வருகிறது, அந்தச் சின்ன எண்தான் கோடின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும். நுழைவாயிலில் உச்ச வேகம் 0.3 கொடுத்தால் ரெனால்ட்ஸ் 20, இழுவைக் கெழு 5.58-ஐ ஒட்டி, தூக்குக் கெழு 0.0106, உருளையின் முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 0.1175. இழுவை சீக்கிரம் கிடைத்துவிடும், தூக்கு சுலபத்தில் மசியாது. உருளையைச் சுற்றி மெஷ்ஷை நெருக்கினால்தான் வழிக்கு வரும்.

உச்ச வேகத்தை 1.5 ஆக்கினால் ரெனால்ட்ஸ் 100, பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போக வேண்டும், சுழல்கள் எவ்வளவு அடிக்கடி கழல்கின்றன என்பதன் அளவான ஸ்ட்ரூஹால் எண் 0.30 சுமார். சுழலே கழலாமல் வால் மாதிரி நேராக நின்றுவிட்டால் உங்கள் முறை ஓட்டத்தின் ஆற்றலைத் தின்கிறது என்று பொருள்: டௌ மிகை, அல்லது உருளைக்குப் பின்னால் மெஷ் முரடு, அல்லது காலப்படிக்கு முதல்வரிசை ஆய்லர் முறை (துல்லியம் குறைந்த, எளிய முறை) வைத்திருக்கிறீர்கள். மூன்றில் ஆய்லரை முதலில் சந்தேகப்படுங்கள், மாற்றுவதும் அதுதான் சுலபம்.

முப்பரிமாணத்துக்குப் போகும்போதுதான் இவ்வளவு பாடும் எதற்கு என்று தெரியும். நான்முகி மெஷ்ஷில் ஒரு உச்சிக்குச் சுமார் 7 விளிம்புகள். டெய்லர்-ஹுட் என்றால் உச்சி ஒன்றுக்குத் தெரியாதவை ஏறத்தாழ 25, நேரியல்-நேரியல் என்றால் 4. இருபடியின் துல்லியம் அதிகம் என்பதால் இது முழுக்கச் சமமான ஒப்பீடு இல்லைதான், ஆனால் மெமரி தீர்ந்துபோய் நிற்கும்போது யாரும் அதைப் பேசுவதில்லை. அங்கே நேரடி சால்வரும் கைகொடுக்காது, ஜிஎம்ரெஸ் மாதிரி, விடையைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போகும் சுற்றுமுறைக்குத்தான் போக வேண்டும். பூஜ்யக் கட்டம் நிரம்பியிருப்பதால் சாதாரண ஐஎல்யூ முன்சீராக்கியே (சுற்றுகளைக் குறைக்க மேட்ரிக்ஸை முன்கூட்டியே பதப்படுத்துவது) ஓரளவு வேலை செய்யும், அதில் தொடங்கி, சுற்றுகளின் எண்ணிக்கை மெஷ்ஷோடு சேர்ந்து ஏறும்போது பெரியதும் சிறியதுமான பல மெஷ்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் மல்டிகிரிட் பக்கம் போங்கள்.